காசிநாதன் தெளிச்ச நீலம்

எங்க செண்பகனூர்ல வந்து காசிநாதன் வீடு எங்கன்னு கேட்டா ஆளாளுக்கு முழிப்பாக. நீலக்கையன் வீடுன்னு கேளுங்க, வேலையா இருக்கிறவன்கூட அதப் போட்டுட்டுக் கூட்டிக்கிட்டு வந்து விட்டுருவான். உருளைக்கெழங்குக்கு மருந்து அடிக்கிறதுதான் அவன் சோலி. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணியில கரைச்சு, டேங்க முதுகுல மாட்டி, ஒரு கையால பம்ப ஆட்டிக்கிட்டே மறு கையால குழாயப் புடிச்சு பாத்தி பாத்தியா அடிச்சுக்கிட்டுப் போவான். அடிச்சு அடிச்சு அவன் நெகம் நீலம், ரேகை நீலம், காது மடல்கூட நீலம். அவன் தும்முனா எதுத்தாப்புல நிக்கிறவன் சட்டையத் தொவைக்கணும். அவனக் கடிச்ச கொசு வீடு போய்ச் சேராது. கொடைக்கானல் ஏரி எப்பிடி இம்புட்டு நீலமா இருக்குன்னு டூரிஸ்ட்டு ஆளுக கேட்டா, "எங்காளு ஒருநா அதுல கை கழுவிட்டாப்புல"ன்னு சொல்லுவேன். பாதிப் பேரு நம்பிக்கிட்டுப் போயிருக்காக.

அவன் பொறந்தது சிலோன்ல, தேயிலத் தோட்டத்துக் கூலிக்காரக குடியிருக்கிற லயத்துல. அங்க தேயிலைக்குக் கொப்புளம் வர்ற நோயி இருக்காம். அதுக்கும் இதே செம்பு மருந்துதான். மீசை மொளைக்கும் முந்தியே டேங்கு சொமந்தவன். அப்பறம் ரெண்டு கவர்மெண்டும் உக்காந்து பேசி, நீ இந்த நாட்டு ஆளு இல்லன்னு சொல்லிக் கப்பல்ல ஏத்திவிட்டாக. ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்ப்ல கெடந்து, எழுபத்தி மூணு வாக்குல பெஞ்சாதி அன்னக்கொடியோட இங்க வந்து சேர்ந்தான். டீயத் தேத்தண்ணிம்பான். ரொட்டியப் பாணும்பான். ரோட்டுக்குக் கீழ சரிவுல ஒரு துண்டு எடம் கெடைச்சுச்சு. எப்பேர்ப்பட்ட சரிவுங்கிறீங்க, அங்க கோழி முட்ட போட்டா மலைக்குக் கீழ வத்தலக்குண்டுல போயித்தான் பொறுக்கணும். அதுல புல்லு வேஞ்ச ஒரு குடிச, குடிசையச் சுத்திப் பீன்ஸ்.

ஊருக்கெல்லாம் மருந்து அடிக்கிறவன் தன் பீன்ஸுக்கு ஒரு சொட்டு அடிச்சதில்ல. மயில்துத்தம் விக்கிற வெலையில அவன் எங்க வாங்குறது? என் டீக்கடையில மிஞ்சுற சக்கையத்தான் சாயந்தரமானா ஒரு சட்டியில வழிச்சுக்கிட்டுப் போயி செடி வேர்ல கொட்டுவான். வருசக்கணக்கா கொட்டி அந்த மண்ணே டீக்கலருக்கு வந்துருச்சு.

"ஏலே, உன் பீன்ஸத் தின்னவன் அப்பறம் டீக்குடிக்க என் கடைக்கு வரமாட்டான். பொழப்பக் கெடுத்துராத"ம்பேன்.

"கணபதி அண்ணே, நீங்க ஊத்துற தேத்தண்ணிய விட என் பீன்ஸ் தண்ணியில சாயம் கூடத்தான்"ம்பான். வாய் மட்டும் நீலம் புடிக்காமச் செவப்பா இருக்கும்.

அவன்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. இந்த நீல மருந்து இருக்கு பாத்தீங்களா, கரைச்ச அன்னைக்கே அடிச்சுத் தீத்துரணும். ராத்திரி வச்சா திரிஞ்சுபோயிரும், மறுநா அடிச்சுப் புண்ணியம் இல்ல. டேங்குல மிச்சத்தத் தரையில கொட்டுனா சிலோன்ல கங்காணி தோல உரிச்சிருவானாம். அதனால காட்டு வேல முடிஞ்சதும் டேங்குல கெடக்கிற மிச்சத்த, அடுத்தவன் மருந்து நம்ம வீட்டுக்கு வேணாம்னு அங்கனயே கண்ணுல எது பச்சையாப் படுதோ அது மேல அடிச்சுக் காலி பண்ணுவான். வேலிச் செடி, பேரி மரம், பூச்சட்டி, ஒண்ணு விடமாட்டான். பச்சைச் சட்ட போட்டுக்கிட்டு அவன் வேல முடிக்கிற நேரத்துல நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. இங்க யாரும் கேக்க ஆளில்ல, கொட்டுனா கொட்டட்டும்னு அவனுக்குத் தோணவே தோணாது. கை அப்பிடியே பழகிப்போச்சு.

எண்பத்தி நாலுல, பனி எறங்குற காலம். எஸ்.ஐ. ஜீப்பு வந்து ரோட்டோரம் நின்னுச்சு. யாரோ துப்புக் குடுத்தாகன்னு அவன் குடிசைக்குப் பின்னாடி வைக்கோல வெலக்கிப் பாத்தா, கஞ்சாச் செடி கட்டுக் கட்டா. அறுத்தது இல்ல, வேரும் மண்ணுமா அப்பிடியே புடுங்குனது. அன்னக்கொடி தலையில கைய வச்சு உக்காந்துட்டா. காசிநாதன் எஸ்.ஐ.யப் பாத்து, "ஐயா, இது என்ன செடிங்க?"ன்னு கேட்டான். அவரு நக்கல் பண்றான்னு நெனைச்சு ஒண்ணு போட்டாரு.

நாந்தான் ஜாமீன் எடுத்தேன். வெளிய வந்தவன் கடை பெஞ்சுல உக்காந்து தேத்தண்ணியத் தொடவே இல்ல. ஆடை கட்டிப்போச்சு.

"என்னடா, ஜெயிலுக்கு இம்புட்டுப் பயமா? மூணு வேளையும் சோறு, முதுகுல டேங்கு கெடையாது. எனக்கே ஆசையா இருக்கு"ன்னு சிரிக்க வைக்கப் பாத்தேன்.

"ஜெயிலு பரவாயில்லண்ணே. குத்தவாளின்னு எழுதிட்டா இந்த எடத்தப் புடுங்கிருவாங்கல்ல. ஒரு நாட்டுல நீ எங்காளு இல்லன்னாங்க, வந்தாச்சு. இங்கயும் சொன்னா எங்க போறது? கப்பல் எந்தப் பக்கம்ணே போகும்?"

ஆறுன தேத்தண்ணியக் கொட்டிட்டுச் சூடா வேற ஊத்திக் குடுத்தேன், காசு கேக்கல. நான் காசு கேக்கலன்னா அன்னைக்கு மழை பெய்யும்னு ஊர்ல சொல்லுவாக. பேஞ்சுச்சு.

புடிச்ச செடிய மெட்ராஸ் லேபுக்கு அனுப்பியிருந்தாக. அது கஞ்சாதான்னு சொல்ல வேண்டியதுதானே அவுங்க வேல, சொல்லிட்டுப் போவாகன்னு பாத்தா, அங்கேருந்து ஒரு அம்மா கோர்ட்டுக்கு எழுதி அனுமதி வாங்கிக்கிட்டு நேராவே மலையேறி வந்துட்டாக. பேரு விசாலாட்சி. ஒல்லியா, ரெட்ட மப்ளர் சுத்தி, குளிருல மூக்கு செவந்து, பாக்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இருந்தாக. கூட எஸ்.ஐ. என் கடையிலதான் டீக்குடிச்சாக.

"செடி இலையில நீலமா வெள்ளையா திட்டுத் திட்டாப் படிஞ்சிருக்கு. கஞ்சாவுக்கு யாரும் பூஞ்சைக்காளான் மருந்து அடிக்கிறதில்ல. அதான் இது எங்க வளந்துச்சுன்னு பாக்க வந்தேன்"னாக அந்தம்மா.

எஸ்.ஐ. காசிநாதன் கையக் காட்டுனாரு. "இதுக்கு மெட்ராஸ்ல இருந்து வரணுமாம்மா? மருந்து அடிச்சவன் கை இந்தா இருக்கு."

காசிநாதன் கைய வேட்டிக்குள்ள மறைச்சான். அந்தம்மா சிரிக்கல. "அந்தக் கையில இருக்கிற நீலம் எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு, இலையில. எனக்கு மண்ணுதான் வேணும்"னாக.

மொதல்ல அவன் பீன்ஸ் காட்டுல மண்ணு எடுத்தாக. மேல ஒரு பிடி, முழ ஆழத்துல ஒரு பிடி. குனிஞ்சு மோந்து பாத்தாக. "இது என்ன வாசன?"

"எங்கடை டீங்க. கொடைக்கானல்லயே ஸ்ட்ராங்கு"ன்னேன்.

அந்தச் சக்கையிலயும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கிட்டாக. அப்பறம் காசிநாதன் மருந்து அடிக்கிற காடு ஒண்ணு விடாம ஏறி எறங்குனோம். எல்லாம் உருளைக்கெழங்குக் காடுதான். கடைசியா வில்பட்டிப் பக்கம் சேனாதிபதி காடு. பெரிய கை, நெறைய ஆளு, லாரி வச்சு லோடு அனுப்புறவரு. நல்லா நடந்துக்குவாரு, காசிநாதனுக்கு வருசம் பூராவும் வேல குடுக்குறதே அவருதான். காட்டுக்கு அந்தக் கோடியில புதுசா ஒரு தகரக் கொட்டகை, மோட்டாருக்கு. கொட்டகைக்குப் பின்னாடி, தகரத்துல இருந்து மழைத்தண்ணி சொட்டுற எடத்துல, மண்ணக் கொத்திக் கெளறிப் போட்டுருந்துச்சு.

"இங்க என்ன இருந்துச்சு?"ன்னாக அந்தம்மா.

"செண்டுமல்லிம்மா. நிலக்கோட்ட மார்க்கெட்டுக்குப் பூவுக்குப் போட்டது. குளிருல பூக்கல, புடுங்கிட்டேன்"னாரு சேனாதிபதி. மொகத்துல ஒரு சுருக்கம் இல்ல.

அந்தம்மா அங்கயும் மண்ணு எடுத்து, அறுந்து கெடந்த வேருல நாலையும் எடுத்துக் காகிதத்துல மடிச்சாக. நான் காசிநாதனப் பாத்தேன். அவன் அந்தக் கொத்துன மண்ணையே பாத்துக்கிட்டு நின்னான்.

கடைக்குத் திரும்பி வந்து, "மண்ணு என்னம்மா பேசவா போகுது?"ன்னு கேட்டேன். நக்கலாத்தான் கேட்டேன்.

அந்தம்மா பையில இருந்து ஒரு சின்ன ஸ்பிரிட்டு வெளக்க எடுத்துப் பத்த வச்சாக. சேனாதிபதி காட்டு உருளை எல ஒண்ண எங்கடை அடுப்புல சுட்டுச் சாம்பலாக்குனாக. ஒரு கம்பிய ஏதோ திராவகத்துல தொட்டு, சாம்பல்ல ஒத்தித் தீயில புடிச்சாக.

தீ பச்சையாச்சுங்க.

நான் முப்பது வருசமா அடுப்பு முன்னாடி நிக்கிறவன். மஞ்சத் தீ தெரியும், நீலத் தீ தெரியும், என் பெஞ்சாதி கண்ணுல வர்ற தீயும் தெரியும். கிளி றெக்க மாதிரி பச்சத் தீய நான் பாத்ததில்ல. பெஞ்சுல உக்காந்திருந்தவன் எல்லாம் எந்திரிச்சுட்டான். பால் பொங்கி அடுப்புல ஊத்துது, ஒருத்தனும் சொல்லல.

"இதுதான் செம்பு. இவரு தெளிச்சது"ன்னாக அந்தம்மா.

அடுத்து என் டீச்சக்கச் சாம்பல வச்சாக. ஒண்ணும் ஆகல, சாதாத் தீ. "எங்கடைத் தூளுல ஒண்ணுமே இல்லையா?"ன்னு எனக்கு மானக்கேடாப் போச்சு.

"இருக்கு. மாங்கனீசுன்னு ஒரு உலோகம். தேயிலச் செடி மண்ணுல இருந்து அத உறிஞ்சி எலையில சேத்துவச்சுக்கும். உங்க கண்ணுக்குத் தெரியாது, லேப்ல மிஷினுக்குத் தெரியும். தீக்குள்ள ஒரு வெளக்கோட வெளிச்சத்த விடுவோம். ஒவ்வொரு உலோகமும் அதுக்குன்னு உள்ள வெளிச்சத்த மட்டும்தான் திங்கும், அடுத்ததத் தொடாது. எவ்வளவு வெளிச்சம் கொறையுதோ அவ்வளவு உலோகம் இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப செடி தின்னதெல்லாம் அதுக்குள்ளயே இருக்குமா?"

"தின்னது, குடிச்சது, மேல விழுந்தது எல்லாம். மனுசன் தலமுடியிலகூட இருக்கும்."

நான் தலப்பாவ இறுக்கிக் கட்டிக்கிட்டேன். என் தலமுடி எத்தன எடத்துல என்னென்ன குடிச்சதோ, அத மெட்ராஸ் வரைக்கும் அனுப்ப எனக்கு இஷ்டம் இல்ல. வெளையாட்டுக்குச் சொல்றேனே ஒழிய, அன்னைக்கு அந்தம்மா போன பெறகு நான் கடை வாசல்ல நின்னு மலையப் பாத்தேன். இம்புட்டு மரம், இம்புட்டுப் புல்லு. ஒவ்வொண்ணும் எங்க நின்னோம், என்ன தின்னோம்னு உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டுச் சும்மா ஆடிக்கிட்டு நிக்கிது. எனக்கு ஒடம்பு புல்லரிச்சுச்சு. குளிருன்னு பெஞ்சாதிகிட்டச் சொன்னேன்.

கேஸ் நாளு நெருங்கவும் காசிநாதன் எங்கிட்ட வந்தான்.

"அண்ணே, அந்தக் கொட்டகைக்குப் பின்னாடி நின்ன செடிக்கு நாந்தான் மருந்து அடிச்சேன். அங்கதான தண்ணித் தொட்டி. சாயந்தரம் டேங்கு கழுவப் போவேன், மிச்சத்த அது மேல அடிப்பேன். ஆளு ஒசரம் நின்னுச்சு. மொதலாளிகிட்டக் கேட்டேன், செண்டுமல்லின்னாரு. எலையும் அந்தச் சாடையில வெட்டு வெட்டா இருந்துச்சு. கஞ்சாவ நான் எங்கண்ணே கண்டேன்?"

"கொட்டகைக்குப் பின்னாடி மருந்து அடிச்சத அவரு பாத்திருக்காரா?"

"அவரு மத்தியானமே வீட்டுக்குப் போயிருவாருல்ல."

இத வக்கீல்கிட்டச் சொன்னோம். அவரு பயந்துட்டாரு. "மூச்சு விடாத. கஞ்சாவுக்கு மருந்து அடிச்சேன்னு நீயே சொன்னா, வளத்ததுல நீயும் கூட்டுன்னு ஆயிரும். கேட்டா தெரியாதுன்னு சொல்லு"ன்னுட்டாரு.

கோர்ட்டுல கூட்டம் பாக்கணுமே. டீக்கடை, காய்க்கடை, குதிரக்காரன், எல்லாம் அடைச்சுட்டு வந்துட்டானுக. அன்னைக்குக் கொடைக்கானலுக்கு வந்த டூரிஸ்ட்டுக்கு ஒருவாய் டீ கெடைச்சிருக்காது.

விசாலாட்சி அம்மா கூண்டுல ஏறிச் சொன்னாக. "புடிபட்ட செடியோட எலையில செம்பு. வேர்ல ஒட்டிக்கிட்டு வந்த மண்ணுலயும் செம்பு, கூடவே துத்தநாகம் நெறைய. காசிநாதன் காட்டு மண்ணுல செம்பும் துத்தநாகமும் பேருக்குத்தான் இருக்கு. அதுக்குப் பதிலா மாங்கனீசு ஏகமா இருக்கு. அது செடி வேர் மண்ணுல இல்ல. இந்தச் செடி அவர் காட்டுல ஒருநாள்கூட வளரல."

ஜட்ஜய்யா கண்ணாடிய மேல ஏத்திக்கிட்டு, "மாங்கனீசு எப்படி வந்துச்சு?"ன்னாரு. என்னையக் கூப்புட்டாக.

"டீச்சக்கை உம்ம கடையோடதா?"

"ஆமாங்கய்யா. ஊர்ல மத்த கடச் சக்கையில அம்புட்டு இருக்காதுங்க, அவுங்க ஒரே தூள நாலு தடவ காச்சுவாங்க." ஜட்ஜய்யாவே சிரிச்சுட்டாரு.

"துத்தநாகம்?"ன்னு அந்தம்மா பக்கம் திரும்புனாரு.

அந்தம்மா சொன்னாக: "தகரத்துக்கு மேல பூசுறது துத்தநாகம். மழையில கரைஞ்சு சொட்டும். காசிநாதன் வீடு புல்லுக் கூரை. நான் மண்ணு எடுத்த காடுகள்ல, செம்பும் துத்தநாகமும் இதே அளவுல சேந்து இருந்தது ஒரே எடத்துலதான். சேனாதிபதியோட கொட்டகைக்குப் பின்னாடி."

வெளிய குதிர கனைக்கிறது கேட்டுச்சு. மழை சொட்டுனது, மருந்து விழுந்தது, டீ ஊத்துனது, யாரும் பாக்காத சாயந்தரங்க அத்தனையும் அந்தம்மா வாயில இருந்து ஒண்ணொண்ணா வருது. நான் பொறந்ததுல இருந்து கோயில்லகூட அப்பிடிக் கை கட்டி நின்னதில்ல.

சேனாதிபதியக் கூண்டுல ஏத்துனாக. அவரு அசரல. "ஐயா, கொட்டகைக்குப் பின்னாடி நின்னது செண்டுமல்லி. அதுக்கு எதுக்கு நான் மருந்து அடிக்கப்போறேன்? அங்க யாரும் மருந்தே அடிச்சதில்ல. உருளைக்கு அடிச்சது வழிஞ்சு வந்திருக்கும், அதான் மண்ணுல செம்பு. புடிபட்ட செடி மேல செம்பு இருக்குன்னா, வச்சிருந்தவன் கையப் பாருங்க."

எல்லாரும் காசிநாதன் கையப் பாத்தாக. ஜட்ஜய்யாவும் பாத்தாரு. "நீ என்னப்பா சொல்ற? இந்தச் செடிக்கு மருந்து அடிச்சியா?"

வக்கீல் தல லேசா ஆடுச்சு, வேணாம்னு. அன்னக்கொடி முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. தெரியாதுன்னு சொன்னா செம்பு எப்பிடி வந்துச்சுன்னு சொல்ல ஆளில்ல, சேனாதிபதி சொன்னதுதான் நிக்கும். அடிச்சேன்னு சொன்னா கஞ்சாவுக்கு வேல பாத்தவன்.

காசிநாதன் கைய முன்னாடி நீட்டுனான்.

"அடிச்சேங்க. நாந்தான் அடிச்சேன். கொட்டகைக்குப் பின்னாடி வச்சு அடிச்சேன். டேங்குல மிச்சம் இருந்தா தரையில கொட்டக்கூடாதுங்க, பச்ச மேல அடிச்சுரணும். பழக்கங்க. செண்டுமல்லின்னு மொதலாளி சொன்னாங்க. கஞ்சான்னு தெரிஞ்சிருந்தா வேலி மேல அடிச்சிருப்பேன்."

அரசாங்க வக்கீல் குதிச்சு எந்திரிச்சாரு. "ஒத்துக்கிட்டான். நாளைக்கு எந்தச் செடிக்குன்னாலும் அடிச்சேன்னு சொல்லுவான். அவன் வீட்டுக்குக் கொண்டுபோயி அடிச்சிருக்கலாம்ல?"

விசாலாட்சி அம்மா எந்திரிச்சாக. "கொட்டகைக்குப் பின்னாடி எடுத்த அறுந்த வேர லேப்ல பாத்தோம். அது செண்டுமல்லி வேர் இல்ல, கஞ்சா வேர். அங்க மண்ணுல செம்பு உருளைப் பாத்தியில இருக்கிறத விடக் கூட. வழிஞ்சு வந்தா கொறையும், கூடாது. யாரோ அந்த எடத்துல நின்னு, ஒரு பருவம் பூராவும், திரும்பத் திரும்ப அடிச்சிருக்காங்க. இவரு சொல்றது மண்ணுல இருக்கு."

சேனாதிபதி அப்பத்தான் தண்ணி கேட்டாரு.

காசிநாதன விட்டுட்டாக. எடமும் அவன் எடந்தான்னு ஆச்சு. சேனாதிபதி பேர்ல கேஸ் திரும்புச்சு. துப்புக் குடுத்ததும் அவரு ஆளுதானாம். தன் காட்டுக்கு ரெய்டு வருதுன்னு தெரிஞ்சு செடியப் புடுங்கி, மருந்துக்காரன் தலையில கட்டுனா எவனும் நம்புவான்னு கணக்குப் போட்டிருக்காரு. நல்ல கணக்குத்தான். மருந்து அடிச்சவன் அடிச்சதுதான் அவரக் காட்டிக்குடுக்கும்னு எந்தப் பய கணக்குல வரும்?

சாயந்தரம் டவுன் பஸ்ஸுல ஏறுனோம். விசாலாட்சி அம்மாவும் அதுலயே வந்தாக. காசிநாதன் பின்சீட்டுல இருந்து எந்திரிச்சு வந்து, கம்பியப் புடிச்சுக்கிட்டு அவுக பக்கத்துல நின்னான். ரெண்டு வளைவு தாண்டிருச்சு.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"சிலோன்ல நான் வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து தேயிலைக்கு இதே மருந்துதான் அடிச்சேன். எங்கப்பாவும் அடிச்சாரு. அது இப்ப அங்க இருக்குமா? மழையில போயிருக்குமா?"

"பெரும்பாலும் போகாதுங்க. செம்பு மண்ணோட ஒட்டிக்கும். உங்க பேரப்புள்ளைங்க காலத்துலயும் அங்கதான் இருக்கும்."

"தோண்டிப் பாத்தா தெரியுமா?"

"தெரியும்."

"யாரு அடிச்சான்னு?"

"பேரு தெரியாது. ஒருத்தர் அங்க இருந்து, வருசக்கணக்கா வேல பாத்திருக்காருன்னு தெரியும்."

காசிநாதன் தலைய ஆட்டுனான். பஸ்ஸு ஜன்னல்ல பனி ஏறி ஒண்ணும் தெரியல, இருந்தாலும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னான். கண்டக்டர் செண்பகனூர்னு கத்துனதுகூடக் காதுல விழல.

அன்னக்கொடிதான் அவன் சட்டையப் புடிச்சு இழுத்தா. "எறங்குங்க. பீன்ஸு முத்திப்போய்க் கெடக்கு. நாளைக்கு வெள்ளனே பறிக்கணும்."